மதியச் சாப்பாட்டை நீயே கட்டிக்கொண்டு போ

அன்புள்ள மீனாவுக்கு,

இங்கே டோக்கியோ நிஷி-கசாயில் எல்லோரும் நலம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மதியம் தினமும் கொன்பினி என்கிற தெருமுனைக் கடையில்தான் வாங்கிச் சாப்பிடுகிறாய் என்று அம்மா சொன்னாள். செலவைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, உன் சம்பளம், உன் கணக்கு. ஆனால் பென்டோ, அதாவது டப்பாச் சாப்பாடு, கட்டும் பழக்கம் உனக்கு வரவேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஆசை. ஃபுகுவோகாவில் ஜூனில் மழைக்காலம் பிடித்துக்கொள்ளும், அதற்குள் கை பழகிவிட்டால் நல்லது.

நடுநிலைப் பள்ளி வரை பள்ளியிலேயே சாப்பாடு போட்டார்கள். நீ ஹைஸ்கூல் போனதும் பென்டோ என் பொறுப்பாயிற்று, ஏனென்றால் அம்மா அதிகாலையிலேயே கிளம்பிவிடுவாள். அந்த வருடங்களில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: காலையில் அடுப்பில் ஒரே ஒரு வேலை இருக்கவேண்டும். மற்றதெல்லாம் முன்பே முடிந்திருக்கவேண்டும். விடியற்காலையில் எழுந்து நாலு பதார்த்தம் செய்ய நினைத்தால் இரண்டாவது வாரமே அலுத்துவிடும். கேரட்டைப் பூவாக வெட்டுவது, சோற்றில் பொம்மை முகம் செய்வதெல்லாம் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு. உனக்கு வேண்டாம்.

முதலில் டப்பா. உனக்கு 600 மில்லி போதும். சாதம் மூன்று பங்கு, முட்டை, மீன், டோஃபு மாதிரி ஏதாவது ஒரு பங்கு, காய் இரண்டு பங்கு. இப்படி இடைவெளி விடாமல் அடைத்தால் 600 மில்லி டப்பாவில் ஏறக்குறைய 600 கலோரி இருக்கும் என்பது இங்கே பலரும் வைத்திருக்கும் கணக்கு. டப்பா மாறாமல் இருந்தால் அளவு தானாக வந்துவிடும், தினமும் யோசிக்கவேண்டியதில்லை.

ஆபீஸில் மைக்ரோவேவ் இருக்கிறது என்பாய். சரி, இருக்கட்டும். ஆனால் பென்டோ ஆறியபிறகு சாப்பிடுவதற்கென்றே உருவான சாப்பாடு. மகுனோஉச்சி என்ற பென்டோவை எடோ காலத்தில் (1603–1868) நாடக இடைவேளையில் சாப்பிட்டார்கள். அதையேதான் இன்றைக்கு ரயில் நிலையங்களில் விற்கிறார்கள். மணிக்கணக்கில் மூடி இருந்தாலும் ருசி மாறக்கூடாது. நம் ஊர் கட்டுச்சோறு மாதிரிதான். புளியோதரை ஆறினால்தானே இன்னும் நன்றாக இருக்கும்? சூடு இல்லாதபோது நாக்குக்கு ருசி மட்டாகத் தெரியும், அதனால் பதார்த்தங்களில் உப்பும் இனிப்பும் சற்றுத் தூக்கலாக இருக்கட்டும். அரிசி கோஷிஹிகாரி மாதிரி குட்டை அரிசிதான். பொன்னி ஆறினால் விறைத்துப்போகும். குட்டை அரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து குறைவு என்பதால் ஆறினாலும் மெத்தென்று இருக்கும். இரவே கழுவி, தண்ணீர் ஊற்றி, குக்கரில் டைமர் வைத்துவிட்டுப் படு. வெயில் உச்சத்தில் மட்டும் இரவெல்லாம் ஊறவிடாதே, காலையில் கழுவி அரை மணி நேரம் ஊறினால் போதும்.

காய்களை ஞாயிற்றுக்கிழமை செய்துவை. கின்பிரா செய்: கோபோ என்ற நீளமான வேர்க்காயையும் கேரட்டையும் தீக்குச்சி கனத்தில் நறுக்கி, எள் எண்ணெயில் வதக்கி, சோயா சாஸ், மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது), கொஞ்சம் சர்க்கரை போட்டு ஈரம் போகும்வரை கிளறு. கூடவே கீரை. வேகவைத்து, ஒட்டப் பிழிந்து, பொடித்த எள்ளில் புரட்டு. பொரியல் என்றால் உனக்குத் தேங்காய்த் துருவல் இல்லாமல் முடியாது, தெரியும். ஆனால் ஈரமான கோடையில் மதியத்துக்குள் தேங்காய் ஊசிப்போகும். எள் கெடாது, கீரை விடும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டும் ஃப்ரிஜ்ஜில் மூன்று நாள் தாங்கும். வாரத்தின் பிற்பாதிக்கு ஒரு பரங்கிக்காயோ ஹிஜிகி என்ற கடல்பாசியோ புதன் இரவு செய்தால் போதும்.

அம்மா மீன் சாப்பிடமாட்டாள் என்பதால் நம் வீட்டில் தாஷி, அதாவது சமையலுக்கான ருசித் தண்ணீர், எப்போதும் கொம்பு என்ற கடல்பாசியில்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து கிராம் போட்டு இரவு ஃப்ரிஜ்ஜில் வைத்தால் காலையில் தயார். கடையில் விற்கும் தாஷிப் பொடியில் பெரும்பாலும் மீன் இருக்கும், அம்மா அங்கே வரும்போது ஞாபகம் வைத்துக்கொள்.

காலையில் உனக்கு மிச்சமிருக்கும் வேலை முட்டைச் சுருள். இரண்டு முட்டை, ஒரு ஸ்பூன் தாஷி, கொஞ்சம் சர்க்கரை, இரண்டு சொட்டு சோயா சாஸ். நுரை வராமல் கலக்கு. சதுரச் சட்டி நன்றாகச் சூடானதும் எண்ணெய் தொட்ட காகிதத்தால் துடைத்துவிட்டு மூன்றில் ஒரு பங்கை ஊற்று. கொப்புளம் வந்தால் குச்சியால் குத்திவிடு. மேல்பக்கம் பளபளப்பு போவதற்கு முன்பே தூரத்து ஓரத்திலிருந்து உன் பக்கமாகச் சுருட்டு, பிறகு சுருளை அந்த ஓரத்துக்கே தள்ளு. மறுபடி எண்ணெய், மறுபடி முட்டை. இந்த முறை சுருளை லேசாகத் தூக்கிப் பிடித்து அடியிலும் ஓடவிடு. ஈரம் இல்லாமல் முழுக்க வேகவேண்டும். உள்ளே குழகுழவென்று இருப்பது வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் நல்லது.

அடைக்கும்போது சாதம் முதலில், ஓரத்தில் கொஞ்சம் சரிவு விட்டு. அந்தச் சரிவில் முட்டைத் துண்டுகளைச் சாய்த்து வை. அப்புறம் காய். மிச்ச ஓட்டையில் குட்டித் தக்காளி, காம்பைக் கிள்ளிவிட்டு. காம்படியில்தான் கிருமி தங்கும். டப்பா ஆடினாலும் எதுவும் நகரக்கூடாது, அதுதான் சரியாக அடைத்ததற்கு அடையாளம்.

எதை மறந்தாலும் ஆறவைப்பதை மறக்காதே. சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்துச் சாதத்தில் சொட்டும். சோற்றில் வேகவைத்தாலும் சாகாத கிருமி வித்துக்கள் உண்டு, வெதுவெதுப்பில் அவை பெருகிவிடும். சாதத்தைத் தட்டில் பரப்பிவிட்டுக் குளிக்கப் போ, வருவதற்குள் ஆறிவிடும். உமெபோஷியை (உப்பில் ஊறிய புளிப்புக் காய்) நடுவில் மட்டும் வைத்தால் சுற்றியுள்ள சாதத்தைத்தான் காக்கும், பிய்த்துப் பரவலாக வை. வெறும் கையால் எதையும் தொடாதே. ஜூன் முதல் செப்டம்பர் வரை டப்பா மேல் ஐஸ் பொட்டலம் கட்டாயம்.

பார்சலில் கொம்பு, எள், சதுரச் சட்டி, அகிதா மாநிலத்தில் ஓடாதே என்ற ஊரில் ஜப்பானியத் தேவதாருவின் மெல்லிய பலகையை வளைத்துச் செய்த டப்பா ஒன்று, எல்லாம் அனுப்பியிருக்கிறேன். அந்த மரம் சாதத்தின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மைக்ரோவேவில் வைக்காதே, தண்ணீரில் ஊறப்போடாதே, கழுவியதும் நன்றாகக் காயவிடு. பார்சல் புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல் வரும்படி சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு வீட்டில் இரு.

அன்புடன்,
அப்பா