நாலாவது மேடு

அன்புள்ள மகளுக்கு,

பனிச்சறுக்கில், பனி மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மோகல் சரிவில் நாலாவது மேட்டிலேயே உருண்டுவிட்டேன் என்று போனில் நீ சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் என் பழைய முழங்கால் அடி ஞாபகத்துக்கு வந்தது. அதனால் சில யோசனைகள்.

முதலில் பயிற்சி வகுப்பு. மலிவாக இருக்கிறதே என்று நான் அந்தக் காலத்தில் ஒன்பது பேர் குழுவில் சேர்ந்தேன். ஒவ்வொருவராக இறங்க, மற்றவர்கள் குளிரில் நின்று வேடிக்கை பார்த்தோம். இரண்டு மணி நேரத்தில் நான் சறுக்கியது பத்து நிமிடம் இருந்தால் அதிகம். ஆரம்பப் பாடத்துக்குக் குழு போதும். மோகலுக்கு ஒரு மணி நேரமானாலும் தனி வகுப்பு எடு. பணம் இடித்தால் உன் அளவுக்குச் சறுக்கும் தோழி ஒருத்தியைச் சேர்த்துக்கொள். நீ சாதாரணச் சரிவில் எப்படித் திரும்புகிறாய் என்று பார்க்காமலே மேடுகளுக்குக் கூட்டிப்போகிற பயிற்சியாளர் மட்டும் வேண்டாம். சாதாரணச் சரிவில் சின்னச் சின்னத் திருப்பங்கள் ஒரே தாளத்தில் வராவிட்டால் மேட்டில் எதுவும் வராது.

இன்னொன்று, நீ பள்ளம் வழியாகவே போகிறாய் என்று நினைக்கிறேன். எல்லாருடைய ஸ்கீ பலகையும் சுரண்டிச் சுரண்டி அங்கே பனி இறுகிக் கிடக்கும். வேகம் கையை மீறிவிடும். மேட்டின் உச்சியில் திரும்ப முயற்சி செய். அங்கே ஸ்கீயின் முனையும் வாலும் காற்றில் நிற்கும், காலடியில் இருக்கும் பகுதி மட்டுமே பனியைத் தொடும். பாதத்தைக் கொஞ்சம் திருப்பினாலே போதும். பிறகு மேட்டின் மறுபக்கத்தில் பக்கவாட்டில் வழுக்கியபடி இறங்கு, வேகம் அங்கேயே குறையும். மேடு வரும்போது முழங்காலை மடக்கி வாங்கிக்கொள், பள்ளத்தில் காலை நீட்டு. கால்தான் ஏறி இறங்க வேண்டும், தலை அல்ல. அடுத்த மேட்டின் தலையில் கையிலிருக்கும் கோலை ஊன்று, கண் அதற்கும் அடுத்த மேட்டில் இருக்கட்டும்.

பயந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும். ஸ்கீ முனை தூக்கிக்கொள்ளும், தொடை எரியும், அப்புறம் உருள வேண்டியதுதான். கணுக்காலுக்கு மேலே, கால் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்துகிறதா என்று அடிக்கடி கவனி.

வேகத்தை மற! 1992இலிருந்து ஒலிம்பிக்கில் மோகலுக்குப் பதக்கம் தருகிறார்கள். அங்கேகூட மதிப்பெண்ணில் 60 சதவீதம் திருப்பங்களுக்கு, வேகத்துக்கு வெறும் 20.

முதலில் திரும்பாமல் சரிவைக் குறுக்கே கடந்து, ஒவ்வொரு மேட்டையும் காலால் வாங்கிப் பழகு. சரிவின் ஓரத்தில் மேடுகள் பெரும்பாலும் சிறியவை, அங்கே தொடங்கு. வெயில் பட்டுப் பனி இளகிய பிறகு போ, உறைந்த காலையில் வேண்டாம்.

அடுத்த முறை யாரையாவது ஒரு வீடியோ எடுக்கச் சொல்லி அனுப்பு. பக்கவாட்டில் எடுக்கச் சொல். முன்னாலிருந்து எடுத்தால் நீ பின்னால் சாய்வது எனக்குத் தெரியாது.

அன்புடன்,
அப்பா