கேட்காமல் சேரும் சேவைக் கட்டணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள உயர்தர உணவகம் ஒன்றுக்கு அண்மையில் குடும்பத்துடன் சென்றிருந்தோம். நண்பர்கள் சிலர் அங்குள்ள உபசரிப்பை மனதாரப் பாராட்டியிருந்தனர். ஆப்பமும் நெத்திலி வறுவலும் உண்மையிலேயே அருமை. சமையலைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், பக்கத்து மேசையில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களை ஓடி ஓடிக் கவனித்த பணியாளர்கள், வெந்நீர் கேட்டுவிட்டு நெடுநேரம் காத்திருந்த என் வயதான தாயாரைக் கண்டுகொள்ளவே இல்லை.

இதைவிட வருத்தம் தந்தது பில். கேட்காமலேயே பத்து சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்து, அதன் மீதும் ஜிஎஸ்டி கணக்கிட்டிருந்தனர். வாக்குவாதத்துக்குப் பிறகே மேலாளர் அதை நீக்கினார், அதுவும் ஏதோ சலுகை தருவதைப் போல. உணவகங்கள் இக்கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளை தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்துள்ளது. விருந்தினர் முன்னிலையில் வாதிடக் கூச்சப்பட்டுப் பலரும் பேசாமல் பணத்தைக் கட்டிவிடுகின்றனர் என்பதால், இத்தகைய உணவகங்களின் பில்களை அதிகாரிகள் நேரில் ஆய்வு செய்வதுடன், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ வாசலிலேயே எழுதிவைக்கவும் உத்தரவிட வேண்டும்.

வாசகர் ஒருவர்,
மயிலாப்பூர், சென்னை