கூண்டைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மண்டபத்தில் எங்கள் தெருவில் ஒருவர், வளர்த்த பச்சைக்கிளியைப் போன வாரம் மொட்டைமாடியில் பறக்கவிட்டார். நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் அதன் ஒருபக்க இறகுகள் கத்தரிக்கப்பட்டிருந்தன. கச்சான் காற்று அள்ளிக்கொண்டுபோய் எதிர்வீட்டுச் சுவரில் மோதவிட்டது. அதற்குள் நாலைந்து காக்கைகள் சூழ்ந்துவிட்டன. நான் துண்டைப் போட்டு எடுத்தபோது, அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. அலகோரம் ரத்தம்.

வெட்டிய இறகு உதிர்ந்து புதிது முளைக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அது பறவையே இல்லை, பாவம். இரை தேடவும் பருந்துக்கு ஒளியவும் கூட்டத்தோடு வளர்ந்த கிளிக்குத்தான் தெரியும்.

நம் ஊர்க் கிளிகளை வீட்டில் வளர்ப்பதே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது பலருக்குத் தெரியவில்லை. பனைமரப் பொந்துகளில் குஞ்சு எடுத்து விற்பதும் நிற்கவில்லை.

கிளி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மாடியில் திறந்துவிடாமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். தயங்காமல் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று வனத்துறையினரும் கடலோர ஊர்களில் அறிவிக்க வேண்டும்.

— ஒரு வாசகர், மண்டபம்