ஆடிய மீட்டர் முள்ளை நிறுத்திய அண்ணனுக்கு நன்றி

காரைக்குடியில் எங்கள் பழைய அம்பாசடரின் ஸ்பீடோமீட்டரைச் சரிசெய்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போன அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. முள் ஆடினால் மீட்டரையே மாற்றச் சொல்பவர்கள்தான் அதிகம். அவர் முதலில், கியர்பாக்ஸின் சுழற்சியை மீட்டருக்குக் கொண்டுபோகும் கேபிளை உருவிப் பார்த்தார். உள்கம்பி காய்ந்தாலும், உறை இறுக்கமாக வளைந்தாலும் முள் துள்ளும். கம்பியை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கியர்பாக்ஸ் பக்கமிருந்து முக்கால் நீளத்துக்கு மட்டும் மெலிதாக கிரீஸ் தடவினார். மீட்டர் பக்கம் தடவினால் கிரீஸ் மேலேறி, உள்ளே சுழலும் காந்தத்துக்கும் முள்ளைத் திருப்பும் கிண்ணத்துக்கும் நடுவில் அப்பிக்கொள்ளும். முள் கன்னாபின்னாவென்று ஏறும். வயரைத் தொடுமுன் பேட்டரி நெகடிவைக் கழற்றினார். மீட்டர் பல்பு மங்கியதற்குக் காரணம் துருவேறிய எர்த், அதாவது கரண்ட் வண்டி பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு. தகரத்தைப் பளபளவெனச் சுரண்டி, தனி வயர் இழுத்து பாடியில் முடுக்கினார். கேபிள் நட்டுக்கு ஸ்பேனரே போடவில்லை, கையிறுக்கம்தான். எவ்வளவு நல்ல கை! அண்ணே, கூலி வாங்கிக்கவாவது ஒரு தடவை வாங்க.