எஸ்பிரெசோ இயந்திரப் பழுதும் மறுக்கப்பட்ட உத்தரவாதமும் குறித்த புகார்

பெறுநர்
தலைமை மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உத்தரவாதக் காலத்திலேயே பழுதான வீட்டு எஸ்பிரெசோ இயந்திரத்துக்குச் சேவையும் உதிரிபாகமும் மறுக்கப்பட்டது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உதவி எண்ணில் பேசியவர்கள், வீட்டுக்கு வந்த டெக்னீஷியன், அம்பத்தூர் சேவை மையம், மின்னஞ்சல் பிரிவு என ஒவ்வொருவரும் என்னை அடுத்தவரிடம் அனுப்பி, அந்த அடுத்தவர் மீண்டும் முதலாமவரிடமே திருப்பியனுப்பிய பிறகு, இனி யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் தங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன். பில்லின் நகல், இயந்திரத்தின் வரிசை எண், தங்கள் பிரிவு அனுப்பிய மின்னஞ்சல்கள், நான் எடுத்த படங்கள் அனைத்தையும் இணைத்துள்ளேன். கடிதம் சற்று நீளமானது. இதுவரை தங்கள் நிறுவனத்தில் என் புகாரை முழுவதும் கேட்டவர் ஒருவரும் இல்லை என்பதால், தாங்களாவது இறுதிவரை படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நிறுவனத்தின் 58 மி.மீ. போர்ட்டா ஃபில்டர் (காபித்தூளை இட்டுப் பொருத்தும் கைப்பிடி வடிகட்டி) கொண்ட ஒற்றைப் பாய்லர் இயந்திரத்தை 62,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அரசு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஓய்வூதியத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய பொருள் அது. இரண்டாண்டு உத்தரவாதம் முடிய இன்னும் பல மாதங்கள் இருக்கும் நிலையில், ஒருநாள் காலை, காபி இறங்கும் தலைப்பகுதியான குரூப் ஹெட்டிலிருந்து நீர் வருவது நின்றுபோனது. பம்பு வழக்கமான சத்தத்துடன் ஓடியது. பாய்லர் சூடேறியது. நீராவிக் குழாயின் குமிழைத் திறந்துவிட்டுப் பம்பை ஓட்டினால் அதன் வழியே வெந்நீர் தடையின்றிக் கொட்டியது. காபி இறங்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சொட்டு நீர் இல்லை.

இதை நான் முதல் அழைப்பிலேயே தெளிவாகச் சொன்னேன். இயந்திரத்தைத் தயாரித்த தங்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டிய அவசியம் இல்லை என்றுதான் நினைத்தேன். நீர் தொட்டியிலிருந்து பம்புக்கும், பம்பிலிருந்து பாய்லருக்கும், பாய்லரிலிருந்து நீராவிக் குழாய்க்கும் போகிறது என்றால் அந்த வழி முழுவதும் நன்றாக இருக்கிறது என்றாகிறது. அடைப்பு பாய்லருக்கும் குரூப் ஹெட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அங்கே இருப்பது மின்சாரத்தால் திறந்து மூடும் மூவழிச் சோலினாய்டு வால்வு ஒன்றுதான். இயந்திரத்தைத் திறக்காமலேயே இவ்வளவையும் தொலைபேசியில் முடிவு செய்திருக்கலாம். ஆனால் தங்கள் உதவி எண்ணில் இருந்தவர் பிளக் போட்டிருக்கிறதா, தொட்டியில் நீர் இருக்கிறதா என்ற கேள்விகளையே ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து வாசித்தார். சோலினாய்டு வால்வு என்று நான் சொன்னபோது அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "வீட்டுல சார் இருந்தா அவரைப் பேசச் சொல்லுங்க மேடம். இதெல்லாம் டெக்னிக்கல், உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

அந்த அழைப்பு தரக் கட்டுப்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படுகிறது என்று தொடக்கத்திலேயே ஒரு குரல் அறிவித்தது. ஆகவே அந்தப் பதிவு தங்களிடம் இருக்க வேண்டும். தாங்கள் அதைக் கேட்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

பிறகு வீட்டுக்கு வந்த டெக்னீஷியன், நீராவிக் குழாயில் நீர் வருவதை நான் காட்ட முற்பட்டபோது அதைப் பார்க்கவே மறுத்துவிட்டார். தொட்டியைக் கழற்றி வைத்த நிலையிலேயே பம்பை நெடுநேரம் ஓட்டினார். இவ்வகை அதிர்வுப் பம்பு தன்னுள் பாயும் நீரால்தான் குளிர்கிறது. நீரின்றி ஓட்டினால் சூடேறிக் கெட்டுவிடும். தங்கள் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. இறுதியில் பம்பு போய்விட்டது என்று சொல்லிப் புதிய பம்பு பொருத்தினார். பம்பு உத்தரவாதத்தில் வராது என்று கூறி 4,800 ரூபாய் வாங்கினார். பழைய பம்பைக் கேட்டேன், தர விதி இல்லை என்றார். புதிய பம்பு ஓடியது; குரூப் ஹெட்டில் அப்போதும் ஒரு சொட்டு நீர் வரவில்லை. கால்வலி என்று போனவனுக்குக் கண்ணில் கத்தி வைத்ததைப் போன்ற வைத்தியம் இது. அதற்குக் கட்டணமும் என் தலையில்.

போகும்போது அவர் சொன்ன இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். இனிமேல் ஆர்.ஓ. நீர் மட்டுமே ஊற்றுங்கள் என்றார். தாது நீக்கிய நீரையும் ஆர்.ஓ. நீரையும் ஊற்ற வேண்டாம் என்று தங்கள் கையேடு சொல்கிறது. நான் யார் சொல்வதைக் கேட்பது? கையேட்டை எழுதியவர்களையா, தாங்கள் அனுப்பிய ஆளையா? பெட்டியோடு தாங்கள் கொடுத்த கடினத்தன்மைத் தாளில் எங்கள் வீட்டு நீரைச் சோதித்து, தாங்கள் குறிப்பிட்ட வரம்புக்குள் இருப்பதை உறுதி செய்துகொண்டுதான் முதல் நாளிலிருந்தே பயன்படுத்தினேன். சுண்ணாம்பு நீக்கும் கரைசலையும் கையேடு சொன்ன இடைவெளியில் தவறாமல் ஓட்டினேன். அதன் படங்களும் இணைப்பில் உள்ளன.

அம்பத்தூர் பயணத்தைப் பற்றி எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. வீட்டில் சரிசெய்ய முடியாது, மையத்துக்குக் கொண்டுவந்தால் அன்றே பார்த்துத் தருவார்கள் என்று தங்கள் உதவி எண்ணில் சொன்னார்கள். அன்று மையம் திறந்திருக்குமா, இந்த மாடலை அங்கே பார்ப்பார்களா என்று நான் தனித்தனியே கேட்டேன். இரண்டுக்கும் ஆம் என்றார்கள். பெட்டியோடு சேர்த்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் இயந்திரத்தை திருச்சியிலிருந்து மலைக்கோட்டை அதிவிரைவு ரயிலில் இரவு முழுவதும் காலடியில் வைத்துக் காத்து, எழும்பூரில் இறங்கி, ஆட்டோக்காரர் கேட்ட தொகையைக் கொடுத்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் பெட்டியின் மேலிருந்த மாடல் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, "இது இங்க எடுக்கறதில்லை, பெங்களூருக்குக் கூரியர் பண்ணுங்க" என்றார். பெட்டியைப் பிரிக்கவே இல்லை. உட்காரவும் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வந்திருக்கிறேன், உங்கள் உதவி எண்தான் வரச் சொன்னது என்று சொன்னேன். "அவங்க வேற, நாங்க வேற" என்றார். பெட்டியின் மேலும் அந்தக் கவுன்டருக்குப் பின்னாலிருந்த பலகையிலும் ஒரே பெயர்தான் எழுதியிருந்தது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அந்தக் கனத்தோடு வெயிலில் நின்று நான் மீண்டும் உதவி எண்ணை அழைத்தபோது எடுத்தவர், குரலை வைத்துப் பார்த்தால், சாரைப் பேசச் சொன்ன அதே நபர்தான்.

இதற்குப் பிறகு வந்தது தங்கள் மின்னஞ்சல். கடின நீரால் பாய்லரிலும் குரூப் ஹெட்டிலும் சுண்ணாம்பு படிந்துள்ளது, இது பயனர் தவறு, ஆகவே உத்தரவாதம் பொருந்தாது, பாய்லர் தொகுதி முழுவதையும் மாற்ற 24,500 ரூபாய் ஆகும் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். பாய்லரை யார் திறந்து பார்த்தார்கள்? வீட்டுக்கு வந்தவர் பம்பை மட்டும்தான் மாற்றினார், அம்பத்தூரில் பெட்டியையே பிரிக்கவில்லை, பெங்களூருக்கு நான் அனுப்பவே இல்லை. கண்ணால் காணாத பாய்லருக்குள் சுண்ணாம்பு இருப்பதாக எழுத்துமூலம் சான்றளித்து, ஒரு வாடிக்கையாளரின் உரிமையைப் பறித்திருக்கிறீர்கள்.

உத்தரவாதம் இல்லை என்று தாங்களே எழுதிக் கொடுத்த பிறகுதான் நான் இயந்திரத்தைத் திறந்தேன். இந்த வரிசையைத் தயவுசெய்து மனத்தில் இருத்துங்கள். மின்னஞ்சலின் தேதியும் நான் எடுத்த படங்களின் தேதியும் இணைப்பில் இருக்கின்றன.

பிளக்கைப் பிடுங்கி, ஓர் இரவு முழுவதும் ஆறவிட்டு, ஒவ்வொரு ஒயரையும் கழற்றுமுன் படமெடுத்து வைத்துக்கொண்டு, மேல்மூடியைத் திறந்தேன். குரூப் ஹெட்டின் மேல் இரண்டு ஆலன் திருகுகளில் நிற்கிறது சோலினாய்டு வால்வு. அதைக் கழற்றி, அதன் மின்கம்பிச் சுருளான காயிலை உருவி, உள்ளே வால்வு தண்டு உட்காரும் ஊசித்துளையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அங்கே சுருண்டு கிடந்தது வெண்மையான ஒரு சிறு துணுக்கு. சுண்ணாம்பாகத்தான் இருக்கும் என்று தாங்கள் சொல்லக்கூடும் என்பதால், அதைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் போட்டேன். சுண்ணாம்பு என்றால் நுரைத்துக் கரைந்திருக்கும். இது நுரைக்கவுமில்லை, கரையவுமில்லை. இடுக்கியால் பிடித்து இழுத்தால் நாராக நீண்டது. மரை இணைப்புகளில் கசிவு வராமல் இருக்கச் சுற்றுகிற டெஃப்லான் டேப்பின் கிழிசல் அது. பழுது முதலில் தோன்றியபோது அந்த இயந்திரத்தில் எவருடைய திருப்புளியும் பட்டதில்லை. ஆகவே அந்தத் துணுக்கு தங்கள் தொழிற்சாலையில் பாய்லர் இணைப்பை முறுக்கியவரின் கையிலிருந்து வந்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. வால்வைக் கழற்றிய வழியாகத் தெரிந்த பாய்லர் வாய் பளபளவென்று இருந்தது. அதன் படத்தையும் பார்க்க வேண்டுகிறேன்.

துணுக்கை எடுத்தாயிற்று. பழுதின் காரணம் போய்விட்டது. வால்வுக்கும் குரூப் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள இரண்டு ஓ-ரிங்குகள் வெப்பத்தில் இறுகித் தட்டையாகிவிட்டன, அவற்றை மாற்றினால் போதும். அந்த இரண்டு வளையங்களைத்தான் தங்களிடம் விலைக்குக் கேட்டேன். இலவசமாகக் கேட்கவில்லை. அதற்குத் தாங்கள் தந்த பதில்: வாடிக்கையாளர்களுக்கு உதிரிபாகம் விற்பதில்லை, மேலும் இயந்திரத்தை நானே திறந்துவிட்டதால் உத்தரவாதம் ரத்தாகிறது. ஏற்கெனவே இல்லை என்று எழுதிய உத்தரவாதத்தை இரண்டாவது முறை எப்படி ரத்து செய்கிறீர்கள்?

பெரிய கடைவீதியில் கடைகடையாக ஏறி இறங்கினேன். அளவு பொருந்தும் வளையங்கள் கிடைத்தன, ஆனால் அவை நைட்ரைல் ரப்பர். தொடர்ந்து நீராவிச் சூடு படுகிற இடத்துக்கு அது தாங்காது, உணவுக்கு உகந்த சிலிக்கோனோ ஈபிடிஎம் ரப்பரோதான் வேண்டும். குடிக்கும் பானத்தில் ரப்பர் கரைந்து வர நான் சம்மதிக்க முடியாது. 1961-இல் இத்தாலியில் வெளிவந்த ஃபாஎமா ஈ61 எஸ்பிரெசோ இயந்திரத்தின் குரூப் ஹெட்டுக்கான கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் வளையம்) இன்றைக்கும் கடைகளில் விற்கப்படுகிறது. வீட்டில் இருப்பவரே அதை மாற்றிக்கொள்கிறார். உத்தரவாதக் காலம்கூட முடியாத தங்கள் இயந்திரத்துக்கு ஒரு ரப்பர் வளையம் கிடைக்காது என்றால், வாங்கும்போதே பெட்டியின் மேல் அதை அச்சிட்டிருக்க வேண்டும். 15 பார் அழுத்தம் என்று பெரிய எழுத்தில் அச்சிட இடம் இருந்ததே. எஸ்பிரெசோ இறங்குவதற்கு வேண்டியது ஏறத்தாழ 9 பார் என்பதும், அந்த 15 பம்பின் உச்ச அளவு என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த விவகாரத்தால் எனக்கு ஏற்பட்ட இழப்பைப் பணத்தில் முழுமையாகச் சொல்ல இயலாது. ஏற்காட்டுத் தோட்டத்திலிருந்து வறுத்து வரவழைத்த கொட்டைகள் அத்தனையும் மணம் போய் வீணாயின. அரவை இயந்திரம் தூசி படிந்து நிற்கிறது. என் இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. தொலைபேசி மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. வீட்டின் நிம்மதி முழுவதும் இதனால் போயிற்று. நாற்பதாண்டுக் காலமாக நான் வாங்கிய எந்தப் பொருளும் எனக்கு இப்படி ஒரு துன்பத்தைத் தந்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவர்களுக்குக் கடைசல் இயந்திரத்தையும் வால்வுகளையும் பிரித்து மாட்டக் கற்றுக்கொடுத்த என்னிடம், உனக்குப் புரியாது என்ற பொருள்பட ஒருவர் பேசினார். அவர் தவறாகக் கண்டறிந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். கேட்காமலேயே முடிவு செய்தார். அவருடைய அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் பம்பும், பயணமும், பொய்யான மின்னஞ்சலும் எல்லாமே வந்தன.

தங்கள் நிறுவனத்தின்மீது எனக்கு இயல்பாகப் பகை ஏதும் இல்லை. நன்றாக வேலை செய்த நாள்களில் அந்த இயந்திரம் அருமையாகவே காபி தந்தது. அதை மறுக்க மாட்டேன். ஆகவே நியாயமான முறையில் முடித்துக்கொள்ளவே விரும்புகிறேன். உணவுத் தரமுள்ள அசல் ஓ-ரிங்குகளையும் குரூப் கேஸ்கெட்டையும் எனக்கு அனுப்ப வேண்டும். தேவையில்லாமல் மாற்றிய பம்புக்கு வாங்கிய 4,800 ரூபாயையும், பயனற்றுப்போன சென்னைப் பயணத்தின் செலவையும் திருப்பித் தர வேண்டும். சுண்ணாம்பு என்று எழுதிய மின்னஞ்சலை எழுத்துமூலம் திரும்பப் பெற்று, உத்தரவாதத்தை முன்பிருந்தபடி தொடர வேண்டும். உதவி எண்ணில் பேசியவர் என்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவருடைய பெயர் எனக்குத் தேவையில்லை.

இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். அச்சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் அதற்குக் கட்டணமும் இல்லை. இம்முறை பயணம் செய்ய வேண்டியவர்கள் தாங்கள்தான். அப்போது ஓ-ரிங்குகளோடு நிற்க மாட்டேன், இயந்திரத்தின் முழு விலையையும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் சேர்த்தே கேட்பேன். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் தனி இணையவாசலே தொடங்கியிருக்கும் நாட்டில், ஒரு ரப்பர் வளையத்தைக்கூட விற்க மாட்டோம் என்ற தங்கள் கொள்கையை ஆணையத்தின் முன் தாங்களே விளக்க நேரிடும்.

அந்தக் கட்டாயத்துக்கு என்னை ஆளாக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். டெஃப்லான் துணுக்கைச் சிறு உறையில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். பொறியாளர் எவரேனும் நேரில் வந்தால் காட்டத் தயார், ஆனால் அதைத் தபாலில் அனுப்ப மாட்டேன். பதிலைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் மட்டுமே அனுப்பவும்.

தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.