மகமத்கான் இல்லாமல் தேசிங்கு ராஜன் கூத்து வேண்டாம்: ஊர்த் திருவிழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுத் தலைவர் அவர்களுக்கும், நாட்டாண்மை ஐயாவுக்கும், குழுவில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

தருமர் பட்டாபிஷேகம் முடிந்த மறுநாள் இரவு, கூத்துக் களரியில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அதை முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. தேசிங்கு ராஜன் கூத்தில் அவனுடைய முஸ்லிம் சிநேகிதன் மகமத்கான் வேஷம் வேண்டாம் என்று கூத்து வாத்தியாரிடம் சொல்லியனுப்பியது யார் என்றும் கேட்கவில்லை. அதைக் கேட்டால் இரண்டு வீட்டுக்காரர்கள் முகம் பார்க்க முடியாமல் போகும். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஆடியில் தேசிங்கு ராஜன் கூத்து நடந்தால் மகமத்கான் திரையை விலக்கிக்கொண்டு களரிக்கு வர வேண்டும். அவன் கல்யாணப் பந்தல், அவனுக்கு ஓலை வருவது, அவன் விழுவது எல்லாம் நடக்க வேண்டும். அது முடியாது என்றால் அந்தக் கதையையே வைக்காதீர்கள். கர்ண மோட்சம் வையுங்கள், வந்து விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறேன்.

நேரம் போதவில்லை என்று காரணம் சொன்னீர்கள். அதற்கு முன்னால் பாட்டுக் கச்சேரி நள்ளிரவு தாண்டியும் ஓடியது. யாரும் மைக்கைப் பிடுங்கவில்லை. கூத்து தொடங்கியபோதே பாதி ஜனம் எழுந்து போய்விட்டது. மிச்சமிருந்தவர்கள் கிழவன் கிழவிகளும், மடியில் தூங்கிய பிள்ளைகளும், என்னைப் போன்ற சிலரும்தான். அந்த ஜனம் விடியும்வரை உட்காரத் தயாராக இருந்தது. நேரம் இருந்தது ஐயா.

பந்தலுக்குப் பின்னால் படுதா கட்டிய இடத்துக்கு வாத்தியாருக்குச் சோடா வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அங்கே அந்தப் பெரியவர் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மகமத்கான் கட்டுகிறவர் அவர்தான். முகத்துக்கு அரிதாரம் பூசி, மீசைக்கு மை எழுதி, ஜிகினா வைத்த மேலங்கி போட்டு, காலில் சலங்கை கட்டி முடித்திருந்தார். பச்சைத் தலைப்பாகை மட்டும் மடியில் இருந்தது. அதைக் களரிக்குப் போகிற கடைசி நிமிஷத்தில்தான் வைத்துக்கொள்வார், கழுத்து வலிக்கும் என்பார். வேஷம் கட்டி முடித்த பிறகுதான் சேதி வந்திருக்கிறது. வாத்தியார் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் ஆர்மோனியக்காரரிடம் சொல்லி, அவர் வந்து சொல்லியிருக்கிறார்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கலைத்துவிட்டுப் படுக்கவும் போகவில்லை. களரியில் தேசிங்கு "என் மகமத்கானுக்கு ஓலை எழுது" என்று சொல்லும் இடம் வந்தபோது சலங்கைக் கால் தானாகத் தாளம் போட்டது. திரை பிடிக்க யாரும் வரவில்லை. கட்டியங்காரன் ஏதோ ஒரு வேடிக்கை சொல்லி நேரே போருக்குக் கொண்டு போய்விட்டான். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து நின்று, "ஓலை போச்சே, ஆளு எங்கடா?" என்று சத்தம் போட்டதை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். பெரியவரும் கேட்டார். தேங்காயெண்ணெயைத் தொட்டு முகத்தைத் துடைக்கத் தொடங்கினார். மீசை மை கண்ணில் இறங்கியது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

காலையில் கணக்கு முடிக்கும்போது ஒரு வேஷம் குறைந்தது என்று சொல்லிப் பேசிய தொகையில் பிடித்தம் செய்திருக்கிறீர்கள். வேஷத்தைக் குறைத்தவர்கள் நீங்கள். பிடித்தமும் நீங்களே செய்தீர்கள். உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் சொல்கிறேன், இது நம் ஊர் செய்கிற காரியம் அல்ல.

தேசிங்கு யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இப்போது கைப்பேசியில் சுற்றுகிற படங்களைப் பார்த்துவிட்டு, அவன் ஏதோ மதச்சண்டை போட்டுச் செத்தான் என்று நம் பிள்ளைகள் பேசுவதைக் கேட்கிறேன். அதற்காகச் சிலதைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஔரங்கசீப் 1707இல் செத்த பிறகு தில்லி நாளுக்கு நாள் இற்றுக்கொண்டிருந்தது. யார் யாருக்குக் கப்பம் கட்டுவது என்பதே வழக்காகிப்போன காலம். 1698இல் மராட்டியர் கையிலிருந்து மொகலாயர் பிடித்த செஞ்சிக் கோட்டைக்குப் பந்தேல்கண்டிலிருந்து வந்த சொரூப் சிங் என்ற ராஜபுத்திரர் அதிகாரியாக இருந்தார். அவர் 1714இல் இறந்தார். கோட்டை தனக்குத்தான் என்று மகன் தேஜ் சிங் உட்கார்ந்தான். நம் நாக்கில் அவன் தேசிங்கு. கப்பப் பாக்கியைக் கட்டு என்றார் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான். கட்ட முடியாது, பாதுஷா கொடுத்த கோட்டை இது என்றான் தேசிங்கு. சண்டை அதற்காகத்தான் வந்தது. அந்த வருஷமே அவனும் செத்தான். 22 வயசு என்பார்கள். செஞ்சியை ஓராண்டுகூட முழுதாக ஆளவில்லை.

நவாப் பக்கம் எல்லாரும் முஸ்லிம்கள், தேசிங்கு பக்கம் எல்லாரும் இந்துக்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது தவறு. அதே சாதத்துல்லா கானிடம் தளபதியாக இருந்தவர் லாலா தோடர்மல். உடையார்பாளையத்தில் ஒளித்து வைத்திருந்த காஞ்சி வரதராஜப் பெருமாளை 1710இல் திரும்பக் காஞ்சிக்குக் கொண்டு வந்து சேர்த்தவர் அவர்தான். காஞ்சிபுரம் கோயிலிலும் திருமலையிலும் அவர் குடும்பத்தோடு கும்பிட்டு நிற்கும் சிலை இன்றும் இருக்கிறது. அங்கே நவாபுக்குத் தோடர்மல் என்றால், இங்கே தேசிங்குக்கு மகமத்கான்.

தேசிங்கு நம் ஆளும் அல்ல. வேறு பாஷை, வேறு தேசம். இந்தச் சீமையைக் கட்டியாண்டவர்கள் எத்தனையோ பேர். கோன்கள், நாயக்கர்கள், பீஜப்பூர்க்காரர்கள், 1677இல் வந்த சிவாஜி, ராஜாராம், பிறகு பிரெஞ்சுக்காரர்கள், இங்கிலீஷ்காரர்கள். கோட்டையில் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் கட்டியவர்களின் பேர் நம் கிழவிகளுக்குத் தெரியாது. சில மாதம் ஆண்ட ஒரு பையன் பேர் மட்டும் ஏன் 300 வருஷமாக வாயில் நிற்கிறது? அவன் ஜெயித்ததற்காகவா? தோற்றவன் அவன். ஒரு சிநேகத்துக்காகத்தான் நிற்கிறது என்று நான் நம்புகிறேன். பாடினவர்கள், மகமத்கான் வந்தான் என்பதற்காகத் தேசிங்கைப் பாடினார்கள்.

மகமத்கானுக்கு வழுதாவூரில் கல்யாணம். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறான். செஞ்சியிலிருந்து ஓலை வருகிறது. பெண் பக்கத்தில் இருக்கிறாள், சொந்தபந்தம் சுற்றி இருக்கிறது. எதிரில் வருகிற படை அவன் மதத்துக்காரன் படை. போகாமல் இருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் மாலையைக் கழற்றிவிட்டு தன் குதிரை நீலவேணி மேல் ஏறினான். தன் தொழுகையை விட்டுவிட்டு வரவில்லை, தேசிங்கும் அப்படிக் கேட்கவில்லை. தேசிங்கு அரங்கன் பக்தன். புறப்படும் முன் சிங்கவரம் மலைக்குப் போய்க் கும்பிட்டான். போகாதே என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நாம் இன்றைக்கும் அந்தக் குகையில் பள்ளிகொண்டிருப்பவரைக் காட்டிச் சொல்கிறோம். சாமியே வேண்டாம் என்று சொன்ன சண்டை அது. அப்படிப்பட்ட சண்டைக்குக் கூட ஒரு துணை வந்தது. முதலில் அந்தத் துணை விழுந்தது, பிறகு தேசிங்கு விழுந்தான்.

இதில் மகமத்கானை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? கப்பம் கட்ட மறுத்து, பெரிய படையோடு மோதிச் செத்த ஒரு ஜமீன் வாலிபன் மிஞ்சுவான். அப்படிச் செத்தவர்கள் அந்தக் காலத்தில் ஊருக்கு ஒருவர். அவனுக்கு எதற்குக் கூத்து? எதற்கு விடிய விடியப் பாட்டு? நீங்கள் வெட்டியது மகமத்கானை என்று நினைத்தீர்கள். தேசிங்கையும் சேர்த்து வெட்டிவிட்டீர்கள்.

அவனை வென்ற நவாபே அவன் உடலுக்கு மரியாதை செய்து செட்டிக்குளத்துக் கரையில் எரியூட்டச் செய்தார். உடன்கட்டை ஏறிய அவன் மனைவி நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்று பேர் வைத்தார் என்று சொல்வார்கள். எதிரிக்கு இருந்த பெருந்தன்மை அது.

வெளியே எங்கும் போக வேண்டாம், நம் கோயில் வாசலையே பாருங்கள். திரௌபதை அம்மனுக்குக் காவலாக நிற்பது யார்? ஒரு பக்கம் போத்துராஜா. இன்னொரு பக்கம் முஸ்லிமான முத்தால ராவுத்தன். கொடி ஏறும் முன் அவனுக்குச் சுருட்டு வைக்கிறோம், அவன் குதிரைக்குக் கொள்ளு வைக்கிறோம். தலைவர் அவர்களே, இந்த வருஷம் அந்தப் படையலைப் போட்டது உங்கள் கை. நம் தாத்தாமார்கள் அம்மனுக்குக் காவலாக ஒரு ராவுத்தனை நிறுத்தினார்கள். நாம் கூத்தில் ஒரு மகமத்கானைக்கூட நிறுத்த மாட்டோம் என்கிறோம். அம்மன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது ஊருக்கு ஊர் சந்தோஷப்பட்டோம். மராட்டிய ராணுவத் தலங்கள் என்று 12 கோட்டைகளைச் சேர்த்ததில், 11 மகாராஷ்டிரத்தில், ஒன்றே ஒன்று நம்முடையது. நல்லதுதான். ஆனால் வண்டி வண்டியாக வருகிறவர்களுக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம்? எழுதி வைத்த பலகை ராஜாக்கள் பேரைச் சொல்லும். மகமத்கான் பேரைச் சொல்ல நம் கூத்தையும் நம் வாயையும் விட்டால் வேறு எதுவும் இல்லை. நீலாம்பூண்டிப் பக்கம் அவனுடையது என்றும் குதிரையுடையது என்றும் ஊரார் காட்டுகிற சமாதிகளை எத்தனை பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள்? கல்லைப் பாதுகாக்கச் சர்க்கார் வரலாம். கதையைப் பாதுகாக்க எந்தச் சர்க்காரும் வராது. அதை நம்மிடம் விட்டுவிட்டுப் போனார்கள். நாம் என்னடாவென்றால் பாட்டுக் கச்சேரிக்குக் கேட்ட பணத்தை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம், கூத்துக்காரர்களிடம் ஒரு வேஷக் கூலிக்குக் கணக்குப் பார்க்கிறோம். அவர்கள் பிள்ளைகள் யாரும் சலங்கை கட்டாமல் பெங்களூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குப் போவது எதனால் என்று தெரியாதவர்களா நீங்கள்? இந்தப் பெரியவருக்குப் பிறகு மகமத்கான் கட்ட அந்தக் கூத்து ஜமாவில் இப்போதைக்கு ஆள் இல்லை.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், வயதில் மூத்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். குழுவில் எல்லாரும் இதற்குச் சம்மதித்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நாலு இளைஞர்கள் சத்தமாகப் பேசியிருப்பார்கள், பெரியவர்கள் திருவிழா நேரத்தில் சண்டை எதற்கு என்று விட்டுக்கொடுத்திருப்பீர்கள். அந்தத் தம்பிகளும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. கூத்து நடக்கும்போது அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, மகமத்கான் மாலையைக் கழற்றுகிற இடத்தைப் பார்க்க வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தை மாதம் வரவு செலவுக் கூட்டம் போடும்போது இதை எடுத்துப் பேசும்படி வேண்டிக்கொள்கிறேன். பிடித்த பணத்தை ஜமாவுக்குத் திருப்பிக் கொடுங்கள். குழுவில் இருந்து பெரியவர்கள் இரண்டு பேர் அந்தக் கலைஞர் வீட்டுக்கே நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து, அடுத்த ஆடிக்கு மகமத்கான் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டு வாருங்கள். போன் போட்டுச் சொல்வது போதாது. அவர் மறுத்தாலும் மறுப்பார், ரோஷக்காரர். மறுத்தால் மறுபடி போங்கள், கூப்பிட்டால் நானும் கூட வருகிறேன். கச்சேரியைக் கொஞ்சம் சுருக்கி, இரவு பத்து மணிக்கெல்லாம் கூத்துக்கு முகவீணை ஊதும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கூத்துக்கு ஆகும் கூடுதல் செலவுக்குத் தலைக்கட்டு வரியோடு என் பங்காக என்னால் ஆனதைத் தனியாகத் தருகிறேன். என்னைப் போல இன்னும் சில வீடுகள் தரச் சம்மதித்திருக்கின்றன.

மகமத்கான் இல்லாமல் தேசிங்கு ராஜன் கூத்து வேண்டாம். இதைத் தயவுசெய்து தீர்மானமாக எழுதி, கோயில் நோட்டில் ஏற்றிவிடுங்கள். பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வருஷா வருஷம் தலைக்கட்டு வரி கட்டிவரும் உங்கள் ஊர்க்காரன்