ஆனைக்கொம்பனுக்கு இன்னொரு பேர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெல்டா விவசாயிகளுக்குப் புதிய இணையதளம், புதிய செயலி என்று அடிக்கடி செய்தி வருகிறது. சந்தோஷம். ஆனால் போன சம்பாவில் எங்கள் வயலில் குருத்து வெங்காயத்தாள் மாதிரி குழலாக நீண்டு நின்றபோது, ஒரு தளத்தில் அந்தப் பூச்சியின் பெயரை 'ஆனைக்கொம்பன்' என்று போட்டுத் தேடினேன், முடிவுகள் இல்லை என்றது. இரண்டு நாள் கழித்து என் மகள் அதே தளத்தில் 'கால் மிட்ஜ்' (gall midge) என்ற ஆங்கிலப் பெயரில் அதே பூச்சியைப் படத்தோடு எடுத்துக் காட்டினாள்.

சொல்லை வெறும் எழுத்தாகவே சேர்த்து வைத்தால் இப்படித்தான் ஆகும். இணையத்தின் உலகளாவிய வலையை (World Wide Web) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ முதலானோர் 2001-லேயே விளக்கிய பொருளுணர் வலையில் (செமாண்டிக் வெப் என்பார்கள்) ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடையாளம், எத்தனை பேர் இருந்தாலும் எல்லாம் அதன் மேலேயே தொங்கும். எது எதோடு எப்படிச் சேரும் என்பதையும் எழுதி வைப்பது ஆன்டாலஜி. அதற்கான ஓ.டபிள்யூ.எல். மொழி 2004-லேயே தரமாக வந்துவிட்டது, காசும் கிடையாது.

சி.ஆர். 1009 என்ற நெல் ரகத்தைப் பொன்மணி என்றும் சொல்கிறோம், சாவித்திரி என்றும் சொல்கிறார்கள். மூன்றும் ஒன்று, வயது 150 நாளுக்கு மேல், மேட்டூர் அணையை வழக்கமாக மூடுவது ஜனவரி 28 என்று ஒருமுறை பதிந்துவிட்டால் போதும். குறுவை அறுத்துவிட்டு அக்டோபரில் தாளடிக்கு இதை விதைக்கலாமா என்று கேட்பவருக்கு, 'கடைசியில் தண்ணீர் இருக்காது, வயது குறைந்த ரகம் பாருங்கள்' என்று தளமே சொல்லும். மருந்து அளவை ஏக்கருக்குப் போட்டிருக்கிறார்கள், எங்கள் பெரியப்பாவுக்கு மா கணக்குதான். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்பதும் உள்ளே இருக்க வேண்டாமா?

அதனால் அடுத்த தளத்துக்கு டெண்டர் விடுமுன், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்து ஆட்களும் நாலைந்து ஊர் விவசாயிகளும் உட்கார்ந்து இந்தச் சொல் வேலையை முடிக்கட்டும். ரிப்பன் வெட்ட முடியாத வேலை, அதுதான் சிக்கல். எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுத்துப் போட வேண்டாம், ரகம், பருவம், பூச்சி, அளவு இந்த நான்கு போதும். அப்புறம் அந்தக் கோப்பைப் பூட்டி வைக்காமல் பொதுவில் விடுங்கள், செயலி செய்கிற பிள்ளைகளும் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு நாற்பது பெயர் வரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், யார் தொடங்கினாலும் கொடுக்கத் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி வட்டம்